லாட்டரிச் சீட்டில் வந்த மஞ்சள் சட்டை

சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது போகிற போக்கில், “2012-ல் பிரிட்டன் சைக்கிளில் செய்ததை இன்னொரு நாடு செய்ய ரொம்ப நாள் ஆகும்” என்று ஒரு வரி எழுதிவைத்தேன். அவ்வளவுதான், கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் விளக்கம் கேட்டிருக்கிறார்கள், மீதிப் பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். அதனால் இந்த முறை முழுக்க இந்த ஒரு விஷயம்தான். சினிமா கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே. அப்படி என்னதான் ஜெயித்தார்கள் 2012-ல்?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்

கணக்காகவே சொல்லிவிடுகிறேன் ஐயா. பிராட்லி விக்கின்ஸ் என்ற ஒரே ஆள் மார்ச்சில் பாரிஸ்–நீஸ், ஏப்ரலில் டூர் டி ரோமாண்டி, ஜூனில் டோஃபினே என்று சாலைப் பந்தயங்களை வரிசையாக ஜெயித்துவிட்டு, ஜூலையில் டூர் டி பிரான்ஸையும் ஜெயித்தார். மூன்று வாரம் ஓட்டி, மொத்த நேரம் குறைவானவர் ஜெயிக்கும் பந்தயம் அது; 1903-ல் தொடங்கியது. அதுவரை ஒரு பிரிட்டன்காரர்கூட ஜெயித்ததில்லை; மேடையில் முதல் மூன்று இடத்தில் நின்றவர்கூட அப்போது கிடையாது. அந்த வருஷம் இரண்டாம் இடமும் பிரிட்டனுக்கே போனது: 3 நிமிடம் 21 விநாடி பின்தங்கி வந்த கிறிஸ் ஃப்ரூம். டூரின் 21 நாள் ஓட்டத்தில் 7 நாள் பிரிட்டன்காரர்கள் முதலாவதாக வந்தார்கள்.

டூர் முடிந்தது ஜூலை 22. லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழா 27. அன்று டூரை ஜெயித்தவருக்குக் கிடைக்கும் மஞ்சள் சட்டையோடு வந்து பெரிய மணியை அடித்துத் தொடங்கிவைத்தவரும் விக்கின்ஸ்தான். ஆகஸ்ட் 1 அன்று 44 கிலோமீட்டர் தனிநபர் நேரப் பந்தயம், அதாவது ஒவ்வொருவராகக் கிளம்பித் தனியாக ஓட்டி யார் நேரம் குறைவு என்று பார்ப்பது. 50 நிமிடம் 39 விநாடியில் முடித்துத் தங்கம் வாங்கினார். சராசரி மணிக்கு 52 கி.மீ. நம்மில் பலர் ஸ்கூட்டரில்கூட அந்த வேகம் போவதில்லை. ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை வாசலில் ஒரு சிம்மாசனம் போட்டு உட்காரவைத்தார்கள். கல்யாண ரிசப்ஷன் நாற்காலியில் அகப்பட்ட மாப்பிள்ளை மாதிரி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் வெலோட்ரோம், அதாவது மரப்பலகை போட்ட ஓட்டத்தளம். மொத்தம் 10 போட்டி, அதில் 7 தங்கம். சாலையையும் தளத்தையும் சேர்த்தால் 8 தங்கம், 2 வெள்ளி, 2 வெண்கலம். இதில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. 2008 பெய்ஜிங்கிலும் தளத்தில் 7 தங்கம் வாங்கியவர்கள்தான், ஆனால் அதற்குப் பிறகு விதியை மாற்றி, தளத்தில் ஒரு போட்டிக்கு ஒரு நாட்டுக்கு ஓர் இடம்தான் என்று ஆக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகும் அதே 7.

ஒரே வருஷத்தில் இப்படி ஒரு வளர்ச்சி எப்படிச் சாத்தியம்? ஏதோ மந்திரம் இருக்கிறது, மறைக்கிறீர்கள்.
— கல்லூரி மாணவர், கோவை

ஒரே வருஷம் என்று யார் சொன்னது? பதினெட்டு வருஷம். மந்திரமும் இருக்கிறது, அதன் பெயர் கூரை.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டன் தளப் போட்டிகளில் அள்ளியது. 1920-ல் இரட்டைச் சைக்கிளில் ஒரு தங்கம். அதற்கு அடுத்த தங்கம் 1992-ல். நடுவில் 72 வருஷம் ஒன்றும் இல்லை! பார்சிலோனாவில் கிறிஸ் போர்ட்மன் என்பவர் கார்பன் இழையில் செய்த, லோட்டஸ் கார் கம்பெனியின் பெயர் போட்ட, பார்க்க மீன் மாதிரி இருந்த ஒரு சைக்கிளில் வந்து, இறுதிப் போட்டியில் தளத்தின் எதிர்ப் பக்கத்திலிருந்து கிளம்பிய எதிராளியைப் பின்னாலிருந்து துரத்திப் பிடித்தே விட்டார். எல்லோரும் சைக்கிளைப் பற்றிப் பேசினார்கள். ஆனால் அந்த நாட்டில் அப்போது ஒலிம்பிக் தரத்தில் கூரை போட்ட தளம் ஒன்றுகூடக் கிடையாது. இங்கிலாந்து மழை உங்களுக்குத் தெரியும். திறந்தவெளித் தளம் நனைந்தால் சரிவில் டயர் நிற்காது, அன்றைய பயிற்சி அவ்வளவுதான், பையன்கள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

1994 செப்டம்பரில் மான்செஸ்டர் வெலோட்ரோம் திறந்தார்கள். 250 மீட்டர், மரப்பலகை, மேலே கூரை. அதே வருஷம் நவம்பரில் அந்த நாட்டில் தேசிய லாட்டரி தொடங்கியது. இரண்டுக்கும் அப்போது சம்பந்தம் இல்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பிரிட்டன் எல்லா விளையாட்டையும் சேர்த்து ஒரே ஒரு தங்கம் வாங்கி, பட்டியலில் 36-ஆவது இடத்துக்குப் போய் மானம் கப்பலேறிய பிறகுதான், லாட்டரிப் பணத்தில் ஒரு பங்கை நேராக வீரர்களுக்குக் கொடுப்பது என்று முடிவானது. சம்பளம் மாதிரி. பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டு சைக்கிள் ஓட்டியவர்கள் முழுநேரம் ஓட்ட ஆரம்பித்தார்கள்.

சைக்கிள் பக்கம் அந்தப் பணத்துக்குப் பொறுப்பேற்றவர் பீட்டர் கீன், போர்ட்மனின் பயிற்சியாளர். அவர் செய்த காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எல்லோரும் டூர் டி பிரான்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் சாலையை விட்டுவிட்டுத் தளத்தைப் பிடித்தார். ஏனென்றால் சாலைப் பந்தயத்தில் மழை, காற்று, பஞ்சர், பக்கத்து ஆள் விழுவது என்று ஆயிரம் அதிர்ஷ்டம் உண்டு. கூரைக்குக் கீழே, கடிகாரத்துக்கு எதிராக ஓட்டும்போது அதெல்லாம் பெரும்பாலும் கிடையாது. இவ்வளவு வேகம் ஓட்டினால் பதக்கம் என்று கணக்குப் போட்டுவிடலாம், போட்டார்கள். சிட்னி 2000-ல் ஒரு தங்கம், ஏதென்ஸ் 2004-ல் இரண்டு, பெய்ஜிங்கில் எட்டு. லண்டன் வரைக்குமான நாலு வருஷத்துக்குச் சைக்கிளுக்குக் கிடைத்தது சுமார் 2.6 கோடி பவுண்டு.

தளத்தில் வளர்ந்த பையன்களைத்தான் பிறகு சாலையில் இறக்கிவிட்டார்கள். விக்கின்ஸ் தளத்தில் தங்கம் வாங்கியவர், கெரைண்ட் தாமஸும் அப்படித்தான், மார்க் கேவண்டிஷ் தளத்தில் உலகப் பட்டம் வாங்கியவர். 2010-ல் டீம் ஸ்கை என்ற தொழில்முறைச் சாலை அணியைத் தொடங்கி ஐந்து வருஷத்துக்குள் டூர் ஜெயிப்போம் என்றபோது பிரெஞ்சுக்காரர்கள் சிரித்தார்கள். மூன்றாவது வருஷமே ஜெயித்தாகிவிட்டது.

லாட்டரி என்றதும் உங்களுக்கு எங்கள் தலைமுறை நினைவு வராது. 2003-ல் தமிழ்நாட்டில் தடை வருவதற்கு முன்பு பஸ் நிலையத்துக்குப் பஸ் நிலையம் சீட்டுத் தொங்கும், எத்தனையோ குடும்பத்தின் கூலிப் பணம் அதில் போனது. அங்கேயும் அந்தப் பணம் பெரும்பாலும் கஷ்டப்படுகிறவர்களின் பையிலிருந்துதான் வருகிறது என்ற விமர்சனம் உண்டு. தங்கம் கொண்டுவராத விளையாட்டுக்குப் பணத்தை ஈவிரக்கம் இல்லாமல் வெட்டினார்கள் என்பதும் உண்மை; பின்னால் கூடைப்பந்துக்கு அப்படித்தான் சுத்தமாக நிறுத்தினார்கள். சைக்கிள் கொழுத்ததற்கு இதுவும் ஒரு காரணம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

டீம் பர்சூட் என்று ஒரு போட்டி பார்த்தேன். நாலு பேர் ஒருத்தர் பின்னால் ஒருத்தர் ஓட்டிக்கொண்டே இருக்கிறார்கள். இதில் என்ன சுவாரசியம்?
— இல்லத்தரசி, திண்டுக்கல்

அம்மா, அதுதான் இருப்பதிலேயே அழகான போட்டி! அடுத்த முறை ஒரே ஓர் இடத்தை மட்டும் பாருங்கள்: முன்னால் போகிறவர் ஒதுங்கும் இடத்தை.

பஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டி சைக்கிள் ஓட்டினால் மிதிக்கவே வேண்டியதில்லை என்று சின்ன வயதில் பையன்கள் கண்டுபிடிப்பார்களே (செய்யக் கூடாது), அதுதான் இதன் அடிப்படை. முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்கிறார், பின்னால் வருகிற மூவர் அந்த மறைவில் வருகிறார்கள். ஒரு சுற்று, ஒன்றேகால் சுற்று இழுத்ததும் அவருக்குக் கால் எரிய ஆரம்பிக்கும். அப்போது வளைவில் அவர் சட்டென்று சரிவின் மேலே ஏறுகிறார். வளைவு சுமார் 42 பாகை, நடந்து ஏறினால் வழுக்கி விழுவோம். அவர் மேலே ஏறும் அந்த ஓரிரு விநாடியில் மற்ற மூவரும் கீழே கடந்து போய்விடுவார்கள். அவர் சரிவில் இறங்கும் வேகத்தையே பிடித்துக்கொண்டு, கடைசி ஆளின் பின்சக்கரத்தை ஒட்டி, உள்ளங்கை அகல இடைவெளியில் போய்ச் சொருக வேண்டும். அரைச் சக்கரம் தள்ளி இறங்கினால் மறைவு போய்விடும், திரும்பப் பிடிப்பதற்குள் கால் செத்துவிடும். சைக்கிளில் பிரேக் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 3 அன்று எட் கிளான்சி, கெரைண்ட் தாமஸ், ஸ்டீவன் பர்க், பீட்டர் கென்னா நால்வரும் 4 கிலோமீட்டரை 3 நிமிடம் 51.659 விநாடியில் முடித்தார்கள். உலக சாதனை. நின்ற இடத்திலிருந்து கிளம்பி சராசரி மணிக்கு 62 கி.மீ. முந்தைய நாள் தகுதிச் சுற்றிலும் ஓர் உலக சாதனை, அதை அவர்களே உடைத்தார்கள். பெண்கள் அப்போது மூன்று பேராக 3 கிலோமீட்டர்தான் ஓட்டினார்கள்; லாரா டிராட், டேனி கிங், ஜோவானா ரௌசல் மூவரும் போட்டியிட்ட மூன்று சுற்றிலும் உலக சாதனை, கடைசியாக 3 நிமிடம் 14.051.

ரௌசலுக்குச் சின்ன வயதிலேயே முடி கொட்டிப்போகும் நோய் உண்டு. ஹெல்மெட்டைக் கழற்றி, விக் எதுவும் வைக்காமல் அப்படியே மேடையில் நின்று பதக்கம் வாங்கினார். அந்தப் படத்தைப் பார்த்தால் நேரக் கணக்கெல்லாம் மறந்துபோகும்.

விக்கின்ஸைவிட ஃப்ரூம்தானே பலசாலி? மலையில் அவரை நிறுத்திவைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.
— வங்கி ஊழியர், மதுரை

மலையில் ஃப்ரூம்தான். ஆனால் இருவரும் ஒரே டீம் ஸ்கை அணி, அதில் விக்கின்ஸ்தான் தலைவர். லா டூசுயர் ஏற்றத்தில் அவர் திடீரென்று பாய்ந்து முன்னால் போக, விக்கின்ஸ் பின்தங்க, காதில் மாட்டியிருந்த கருவியில் உத்தரவு வந்ததும் ஃப்ரூம் வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்து நின்று அழைத்துப் போனார். உலகமே பார்த்தது. ஆனால் அந்த வருஷ டூரில் தனிநபர் நேரப் பந்தயத்துக்கு மட்டும் நூறு கிலோமீட்டர் அளவு ஒதுக்கியிருந்தார்கள், அதில் விக்கின்ஸை அடிக்க ஆள் இல்லை. நீளமான இரண்டு நேரப் பந்தயத்தையும் அவரே ஜெயித்தார். அதனால் ஃப்ரூமை அவிழ்த்துவிட்டிருந்தாலும் ஜெயித்திருப்பார் என்று அடித்துச் சொல்ல முடியாது. கென்யாவில் பிறந்து அங்கே மண் சாலையில் ஓட்டக் கற்றுக்கொண்ட அந்தப் பையன் அடுத்த வருஷமே டூரை வாங்கிக்கொண்டார், பிறகு இன்னும் மூன்று முறை. எனவே ரொம்ப வருத்தப்பட வேண்டாம்.

விக்கின்ஸிடம் எனக்குப் பிடித்த இடம் வேறு. மூர் டி பெகேர் மலையில் யாரோ ஆணிகளைக் கொட்டிவிட, முந்தைய வருஷ சாம்பியன் கேடல் எவன்ஸ் உட்படப் பலருக்கு டயர் போனது. விக்கின்ஸ் மொத்தக் கூட்டத்தையும் மெதுவாகப் போகச் செய்து எல்லோரும் வந்து சேரும்வரை காத்திருந்தார். கடைசி நாள் பாரிஸில் மஞ்சள் சட்டையோடு முன்னால் வந்து, வேலைக்காரன் மாதிரி கேவண்டிஷுக்காகக் காற்றைக் கிழித்துக் கொடுத்தார், கேவண்டிஷ் ஜெயித்தார். பிறகு வெற்றி மேடையில் மைக்கைக் கொடுத்தால், பிரெஞ்சுக்காரர்கள் உணர்ச்சிகரமாக எதையோ எதிர்பார்த்து நிற்க, இதோ குலுக்கல் சீட்டு எண்ணை எடுக்கப் போகிறோம் என்கிற மாதிரி ஒரு போடு போட்டார்! கோயில் திருவிழாக் குலுக்கல் மாதிரி. லாட்டரிக் காசில் வளர்ந்தவர் வேறு எதைச் சொல்வார்.

எல்லாம் ஜெயித்தார்கள் என்கிறீர்கள், ஒலிம்பிக்கின் முதல் நாளே சாலைப் பந்தயத்தில் கேவண்டிஷ் 29-ஆவது இடம் வந்ததை ஏன் சொல்லவில்லை?
— பெயர் வெளியிட விரும்பாதவர், திருநெல்வேலி

பெயர் வெளியிட விரும்பாத அளவுக்கு என்ன கோபம்? சொல்கிறேன். ஜூலை 28, 250 கிலோமீட்டர், பாக்ஸ் ஹில் குன்றை ஒன்பது முறை ஏற வேண்டும். கேவண்டிஷ் அப்போது உலகச் சாம்பியன், கடைசி 200 மீட்டர் வரைக்கும் அவரைக் கூட்டிவந்துவிட்டால் போதும், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். இது எல்லோருக்கும் தெரியும், அதுதான் சிக்கல். முப்பது பேர் அளவில் ஒரு கூட்டம் முன்னால் தப்பிப் போனது. துரத்துவதற்கு மற்ற நாடுகள் பெரிதாக உதவவில்லை. நாங்கள் உதவி உன்னைக் கொண்டுபோய் விட்டால் நீதானே ஜெயிப்பாய், நீயே இழு என்று விட்டுவிட்டார்கள். விக்கின்ஸ், ஃப்ரூம், மில்லர், ஸ்டானர்ட் நாலு பேரும் நாள் முழுக்க இழுத்து இழுத்துக் களைத்துப்போனார்கள். தங்கம் கசகஸ்தானின் வினோகுரோவுக்குப் போனது. நாலு நாள் கழித்து அதே கால்களோடுதான் விக்கின்ஸ் தங்கமும் ஃப்ரூம் வெண்கலமும் வாங்கினார்கள்.

மறுநாள் கொட்டும் மழையில் பெண்கள் பந்தயம். லிஸ்ஸி ஆர்மிட்ஸ்டெட் தங்கம் வாங்கிய நெதர்லாந்தின் மரியன்னே வோஸ் கூடவே கடைசி வரை ஓட்டி வெள்ளி வாங்கினார். அந்த ஒலிம்பிக்கில் பிரிட்டனின் முதல் பதக்கமே அதுதான்.

தலையணையை மாற்றினார்கள், கை கழுவக் கற்றுக்கொடுத்தார்கள், அதனால் ஜெயித்தார்கள் என்று எங்கள் அலுவலகப் பயிற்சி வகுப்பில் ஸ்லைடு போட்டார்கள். உண்மையா?
— மென்பொருள் பணியாளர், சென்னை

உங்கள் அலுவலகத்திலுமா! தலையணை உண்மை, கை கழுவியதும் உண்மை. அணியை நடத்திய டேவ் பிரெய்ல்ஸ்ஃபோர்டு, நூறு இடத்தில் ஒவ்வொரு சதவீதம் மேம்படுத்தினால் கூட்டிப் பார்க்கும்போது பெரிதாக வரும் என்ற கொள்கைக்காரர். போட்டிக்கு முன் தொடைத் தசை ஆறிப்போகாமல் இருக்க பேட்டரியில் சூடாகும் கால்சட்டைகூட இருந்தது. வீரர்களின் பயத்தைச் சமாளிக்க மனநல மருத்துவர் ஸ்டீவ் பீட்டர்ஸ். என்னைக் கேட்டால் தலையணையைவிட அவர்தான் முக்கியம்.

ஆனால் முதலில் கூரை வேண்டும், சம்பளம் வேண்டும், பத்துப் பதினைந்து வருஷம் மாறாமல் உட்கார்ந்து வேலை பார்க்கும் பயிற்சியாளர் வேண்டும். அந்த 99 சதவீதம் இருக்கிறவர்கள் தலையணை வாங்கலாம். ஸ்லைடு போடுகிறவர்கள் தலையணையிலிருந்து ஆரம்பிக்கிறார்கள், அது செலவு குறைவு.

லண்டன் ஒலிம்பிக் வாரத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ரொம்ப நொந்துபோய், உங்கள் சக்கரத்தில் ஏதோ ரகசியம் இருக்கிறது, ஓட்டி முடித்ததும் ஏன் துணி போட்டு மூடுகிறீர்கள் என்று கேட்டார்கள். பிரெய்ல்ஸ்ஃபோர்டு, எங்கள் சக்கரம் விசேஷமானது, மற்றதைவிட உருண்டையானது என்று சொல்லிவைக்க, ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை அதைச் சீரியஸாகவே எடுத்துக்கொண்டது. கடைசியில் பார்த்தால் அந்தச் சக்கரம் மேவிக் கம்பெனியுடையது. மேவிக், பிரெஞ்சுக் கம்பெனி.

வேண்டுமென்றே கீழே விழுந்து மறுவாய்ப்பு வாங்கித் தங்கம் வாங்கினாராமே ஒருவர்? இது நியாயமா?
— உடற்கல்வி ஆசிரியர், சேலம்

பிலிப் ஹிண்ட்ஸ், 19 வயது, ஜெர்மனியில் வளர்ந்த பையன். மூன்று பேர் சேர்ந்து மூன்று சுற்று ஓட்டும் டீம் ஸ்பிரிண்டின் முதல் சுற்றுப் போட்டியில் கிளம்பியதும் தடுமாறி விழுந்தார், விதிப்படி மறுபடி ஓட விட்டார்கள். அப்புறம் ஜேசன் கென்னி, கிறிஸ் ஹோய் இருவரோடும் சேர்ந்து 42.600 விநாடியில் உலக சாதனையோடு தங்கம். முடிந்ததும் பேட்டியில், தொடக்கம் சரியில்லை, அதனால் மறுதொடக்கத்துக்காக விழுந்தேன் என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். அதிகாரிகள் ஓடிவந்து பையனுக்கு ஆங்கிலம் சரியாக வராது என்று பூசி மெழுகினார்கள். பதக்கம் அப்படியே நின்றது. விதியை மீறவில்லை; ஆனால் என் பிள்ளை செய்தால் இரவு சாப்பாட்டின்போது உட்காரவைத்துப் பேசியிருப்பேன்.

பெண்களுக்கும் சம வாய்ப்பு இருந்ததா?
— வழக்கறிஞர், புதுச்சேரி

பெய்ஜிங்கில் தளப் போட்டி ஆண்களுக்கு ஏழு, பெண்களுக்கு மூன்று. லண்டனில்தான் முதல் முறையாக ஐந்துக்கு ஐந்து. பெண்களின் ஐந்தில் மூன்று தங்கம் பிரிட்டனுக்கு: டீம் பர்சூட், லாரா டிராட்டின் ஆம்னியம் (பல போட்டிகளைச் சேர்த்துக் கணக்கிடுவது), விக்டோரியா பெண்டில்டனின் கெய்ரின் (முன்னால் போகும் வண்டி விலகியதும் பாய்வது). டிராட்டுக்கு வயது 20, குறைமாதத்தில் நுரையீரல் கோளாறோடு பிறந்த குழந்தை. பாராலிம்பிக்கில் சாரா ஸ்டோரி மட்டும் நாலு தங்கம், அவர் முதலில் நீச்சல் சாம்பியன், பிறகு சைக்கிளுக்கு மாறியவர்.

வெளியில் இப்படி. உள்ளே வேறு கதை. பெய்ஜிங்கில் சாலைத் தங்கம் வாங்கிய நிகோல் குக், 2013 ஜனவரியில் ஓய்வு அறிவித்தபோதும், 2017-ல் நாடாளுமன்றக் குழுவின் முன்பும், ஆண்கள் ஆண்களுக்காக நடத்தும் அமைப்பு அது என்று உடைத்துச் சொன்னார். ஆண்கள் பக்கம் கோடிகள் போனபோது பெண்களுக்கு டீம் ஸ்கை மாதிரி ஒரு சாலை அணி இல்லை. பதக்கம் சமமாக வந்ததாலேயே பாதை சமமாக இருந்தது என்று ஆகாது, வழக்கறிஞர் அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மருந்து போட்டு ஓட்டினார்கள் என்கிறார்களே, அதையும் கொஞ்சம் எழுதுங்கள்.
— மருந்தாளுநர், ஈரோடு

எழுதாமல் விட்டால் பாதிக் கதைதான். 2012 அக்டோபரில்தான் ஊக்கமருந்து போட்டதற்காக அமெரிக்காவின் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டமும் போனது. அந்த நேரத்தில் பிரிட்டன்காரர்கள், நாங்கள் சுத்தம் என்று சொல்லித்தான் நின்றார்கள்.

2016-ல் இணையத் திருடர்கள் ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் கோப்புகளை வெளியிட்டபோது, 2012 டூருக்குச் சில நாள் முன் உட்பட மூன்று முறை விக்கின்ஸ் ட்ரையாம்சினலோன் ஊசிக்கு மருத்துவ அனுமதி வாங்கியிருந்தது தெரிந்தது. என்ன ஸ்டீராய்டு என்று உங்களுக்கே தெரியும். மகரந்த ஒவ்வாமைக்கு என்றார். அனுமதி முறையானது, விதிமீறல் வழக்கு எதுவும் இல்லை. 2018 மார்ச்சில் நாடாளுமன்றக் குழு, விதிக்குள் இருந்துகொண்டே அறத்தின் எல்லையைத் தாண்டினார்கள் என்று அறிக்கை எழுதியது. விக்கின்ஸ் அதைக் கடுமையாக மறுத்தார். பிறகு அணியின் முன்னாள் மருத்துவர் ஒருவர், 2011-ல் டெஸ்டோஸ்டிரோன் என்ற தடைசெய்யப்பட்ட மருந்தை வரவழைத்த விவகாரத்தில் மருத்துவப் பதிவையே இழந்தார்.

என் கருத்தைக் கேட்டால், பட்டம் பட்டம்தான், பிடுங்கச் சொல்ல மாட்டேன். ஆனால் மற்றவர்களைவிட நாங்கள் நல்லவர்கள் என்று விற்றார்களே, அந்த விற்பனை இன்றைக்கும் தொண்டையில் கசக்கிறது.

நம் நாட்டில் இதெல்லாம் நடக்குமா?
— சைக்கிள் கடை வைத்திருப்பவர், தஞ்சாவூர்

கொஞ்சம் நடந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. 2010 காமன்வெல்த் போட்டிக்காக டெல்லியில் கூரை போட்ட மரத்தளம் ஒன்று கட்டினார்கள். பிறகு அங்கேயே ஒரு பயிற்சி மையம் நடத்தினார்கள். அந்தமான் நிக்கோபாரிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் பையன்களைக் கூட்டிவந்தார்கள். 2018-ல் எசோ ஆல்பன் ஜூனியர் உலகப் போட்டியில் வெள்ளி. 2019 ஆகஸ்டில் ஜெர்மனியில் எசோ, ரொனால்டோ சிங், ரோஜித் சிங் மூவரும் டீம் ஸ்பிரிண்டில் ஜூனியர் உலகத் தங்கமே வாங்கினார்கள். 2022-ல் ரொனால்டோ அதே டெல்லித் தளத்தில் ஆசிய சாம்பியன்ஷிப்பில் வெள்ளி. அந்த அணியில் டேவிட் பெக்காம் என்றும் ஒருவர் உண்டு, நிஜமாகவே பெயர் அதுதான். ரொனால்டோவும் பெக்காமும் ஒரே அணியில், ஆனால் சைக்கிளில்!

மான்செஸ்டர் கூரைக்கும் முதல் தங்கத்துக்கும் இடையில் ஆறு வருஷம், டெல்லி கூரைக்கும் ஜூனியர் தங்கத்துக்கும் ஒன்பது. மோசமில்லை. ஒரே ஒரு கூரையை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய நாடு எத்தனை நாள் ஓட்டும் என்பதுதான் என் கேள்வி.

பிரேக் இல்லாத சைக்கிளை எப்படி நிறுத்துவார்கள்?
— ஆறாம் வகுப்பு மாணவி, காரைக்குடி

இவ்வளவு கடிதத்தில் உன் கேள்விதான் நல்ல கேள்வி, பாப்பா. அந்தச் சைக்கிளில் பின்சக்கரமும் பெடலும் சேர்ந்தே சுற்றும். நம் சைக்கிள் மாதிரி மிதிப்பதை நிறுத்திவிட்டு சும்மா உருள முடியாது, சக்கரம் சுற்றினால் கால் சுற்றியே ஆக வேண்டும். அதனால் காலால் மெல்ல மெல்லப் பின்பக்கம் அழுத்தம் கொடுப்பார்கள். சரிவில் மேலே ஏற்றினால் வேகம் தானாகக் குறையும். இரண்டு மூன்று சுற்று வந்தால்தான் நிற்கும்.

ஆகஸ்ட் 7 இரவு கெய்ரின் இறுதிப் போட்டி. முன்னால் நம் மொபெட் மாதிரி ஒரு வண்டி போகும், ஓட்டுகிறவர் கறுப்பு உடையில் விறைப்பாக உட்கார்ந்திருப்பார், ஆறு பேர் அதன் பின்னால் வாத்துக்குஞ்சு மாதிரி வருவார்கள். இரண்டரைச் சுற்று மிச்சம் இருக்கும்போது வண்டி விலகியதும் பாய்ச்சல். எங்கள் வீட்டில் அன்றைக்கு வழக்கமான மின்வெட்டு முடிந்து மின்சாரம் வந்து பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது, அந்த வருஷம் தமிழ்நாடு இருந்த நிலை உன் அம்மாவுக்கு நினைவிருக்கும். கடைசிச் சுற்றில் லேவி என்ற ஜெர்மன் வீரர் கிறிஸ் ஹோயைத் தாண்டிவிட்டார். முடிந்தது என்று நான் எழுந்தே விட்டேன். ஹோய் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்ப வந்து தாண்டினார். அவருக்கு ஆறாவது ஒலிம்பிக் தங்கம். ஜெயித்த பிறகும் உடனே நிற்க முடியாதே, அதனால் கையைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார்.

உன் சைக்கிளில் பிரேக்கைக் கழற்றிப் பார்க்காதே. அப்புறம் உன் அம்மா எனக்குக் கடிதம் எழுதுவார்.